மீன் வந்த வழி

வன்னியின் ஊர்ப்பெயர்களை ஒருவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போவாராயின் அது நீர்நிலைகளின் நிரலாகவே ஒலிக்கும். செட்டிகுளம், பாவற்குளம், நெளுக்குளம், பண்டாரிகுளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என்று அந்நிரல் நீளும். எங்கள் பூவரசங்குளமும் அவற்றுள் ஒன்று. முன்னே மரத்தின் பெயர், பின்னே குளத்தின் பெயர். ஊர் அமைந்த முறையே அப்பெயரில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், உடைந்தும் தூர்ந்தும் கிடந்த குளங்கள் பல திருத்தப்பட்டன. இன்னும் திருத்தப்பட்டு வருகின்றன. வயல் விளைகிறது, கிணறு ஊறுகிறது. இதில் மகிழாதார் யார்? ஆயினும் இத்திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டியவனாக இருக்கிறேன். சொல்லத் தூண்டியது என் மாணவன் ஒருவனின் வினா.

வகுப்பில் மருதத்திணையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார் காட்டும் காட்சி பலரும் அறிந்தது: கரையில் நிற்கும் மாமரம் தானாகவே உதிர்த்த கனியை நீருள் நின்ற வாளைமீன் பிடித்து உண்கிறது. உள்ளுறையை விளக்கப் புகுமுன், பின்வாங்கில் இருந்த பையன் எழுந்தான். “ஐயா, எங்கட குளம் உடைஞ்சு பத்துப் பன்னிரண்டு வருசமாத் தண்ணி நிக்கேல்லையாம். திருத்தி முதல் மாரியிலேயே விரால் பிடிச்சம் எண்டு அப்பா சொல்லுறார். அந்த விரால் எங்கையிருந்து ஐயா வந்தது?”

வாளைக்கும் மாங்கனிக்கும் உரை சொல்லத் தெரிந்த எனக்கு விராலுக்கு விடை தெரியவில்லை. உண்மையைச் சொல்வதானால், அவ்வினா அதுவரை என் மனத்தில் எழுந்ததே இல்லை. நீர் வந்தால் மீன் வரும் என்று இருந்துவிட்டேன். நாமெல்லோரும் அப்படித்தான் இருந்துவிடுகிறோம்.

அன்று மாலை குளக்கட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் இளமையிலிருந்தே அத்தாங்கும் கரப்புமாக இக்குளத்தோடு வாழ்ந்தவர். போர்க்காலத்தில் எங்களைப் போலவே ஊர்விட்டு ஊர் அலைந்து திரும்பியவர். என் கேள்வி அவருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் சிரித்தார். “மீன் எங்க வாத்தியார் போனது? நாங்கள்தானே போனனாங்கள்.”

எழுந்து நடந்து, குளத்தின் நடுப்பக்கத்தைக் கையால் காட்டினார். அங்கே ஒரு மடு இருக்கிறது என்றார்.

மடு என்ற சொல்லிற் சற்றுத் தங்கவேண்டும். ஆற்றின் நடுவிலோ குளத்தின் அடியிலோ இயல்பாக அமைந்த ஆழமான பள்ளத்தையே மடு என்கிறோம். கோடையில் மற்றெல்லா இடமும் வெடித்துக் கிடக்கும்போதும் அங்கே கொஞ்சம் நீர் நிற்கும். நீர் போனாலும் சேறு நிற்கும். வன்னிக்கும் மன்னாருக்கும் இச்சொல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குப் பெயர்களே சான்று. இரணைமடு என்ற பெயரில் இரட்டை மடுக்கள் இருக்கின்றன. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருங்குளம் அமைக்கப்பட்டபோதும் பெயர் பழைய மடுக்களின் பெயராகவே நிலைத்தது. மருதமடு இருக்கிறது, பெரியமடு இருக்கிறது. குளத்தை மனிதர் கட்டினர். மடுவை வெள்ளம் தோண்டிற்று. குளம் உடைந்தபோது கட்டுத்தான் உடைந்தது. துருசின் மட்டத்துக்குக் கீழே கிடந்த மடுவை எவராலும் உடைக்க முடியவில்லை.

அந்த மடுவிலேயே விரால் இருந்தது என்கிறார் பெரியவர். இது வெறும் ஊர்க்கதையன்று. விரால், பனையேறி, சுங்கான் ஆகிய மூன்று மீன்களும் செவுளால் நீரிலுள்ள பிராணவாயுவைப் பெறுவதோடு நில்லாமல், நீர்மட்டத்துக்கு வந்து நேரே காற்றையும் உட்கொள்வன. வளர்ந்த விராலை மேலே வரவிடாது தடுத்தால் அது நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆதலால் சேறும் பாசியும் நாறிக் கிடக்கும் குட்டையிலும், மற்ற மீன் மாளும் இடத்திலும், இவை உயிர் வாழும். நீர் முற்றாக வற்றினால் ஈரச் சேற்றினுட் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற், இந்நாட்டு உயிரினங்களைப் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், வற்றிய குளத்தின் சேற்றை வெட்டி உயிருள்ள மீன் எடுக்கும் வழக்கத்தை வியந்து எழுதியிருக்கிறார். எங்கள் முதியோருக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. கோடையில் மண்வெட்டியோடு மீன்பிடிக்கப் போனவர்கள் அவர்கள்.

பனையேறியின் கதை இன்னும் சுவையானது. செவுள்மூடியிலுள்ள முட்களை ஊன்றி ஊன்றி, மழை நனைத்த தரையில் ஒரு நீர்நிலையிலிருந்து மற்றதற்கு நடந்து போகும் மீன் அது. 1791இல் தரங்கம்பாடியில் இருந்த தல்தோர்ப் என்னும் தேனிய அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த இம்மீனைத் தாம் கண்டதாக எழுதி, 1797இல் இலண்டனில் உள்ள லின்னேயக் கழகத்தின் வாயிலாக அது வெளிவந்தது. மேனாட்டு அறிஞர் இன்றுவரை அதனை முழுதும் நம்பவில்லை. பறவை கொண்டுபோய் இட்டிருக்கும் என்பார் பலர். நம் மொழியோ விவாதத்துக்கு நில்லாமல் ‘பனையேறி’ என்று பெயரிட்டுவிட்டது. பனையில் ஏறிற்றோ இல்லையோ, வயல்வரம்பில் ஏறிச் செல்வதை நானே சிறுவயதிற் கண்டிருக்கிறேன்.

பறவை என்றதும் ஊரில் வழங்கும் இன்னொரு நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. தாராவும் கொக்கும் காலில் மீன்முட்டையைக் கொண்டுவந்து புதுக்குளத்தில் இடும் என்பர். இதனை நான் நகைத்ததுண்டு, இப்போது நகைப்பதில்லை. 2020இல் ஹங்கேரிய ஆய்வாளர் காட்டுத்தாராக்களுக்குக் கெண்டை இன மீன்களின் முட்டைகளை உண்ணக் கொடுத்துப் பார்த்தனர். ஆயிரத்துக்கு இரண்டளவு முட்டைகள் எச்சத்தில் உயிரோடு வெளிவந்தன. அவற்றுட் சில பொரித்தும் விட்டன. காலில் அன்று, வயிற்றில்! முதியோர் வழியைத் தவறாகச் சொன்னாரேயன்றி வாகனத்தைச் சரியாகவே சொல்லியிருக்கின்றனர். எனினும் இது ஆயிரத்தில் இரண்டு என்னும் வழி. மீன் முதலாய் நம்பியிருக்கும் வழி வேறு.

அவ்வழி வான் பாயும் வழி. கார்த்திகை, மார்கழியிற் குளம் நிறைந்து வானில் நீர் பாயத் தொடங்கியதும், அப்புதுவெள்ளத்தின் மணத்தை அறிந்த மீன்கள் கீழ்க்குளத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் எதிரேறத் தொடங்கும். சிறு கெண்டைகள் கூட்டமாக வரும். கெளிறும் ஆரலும் இரவில் வரும். நீர் பரந்த புல்வெளியிலும் வயலிலும் முட்டையிட்டு, குஞ்சுகள் சம்பாப் பயிரின் அடியில் வளரும். நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த அந்தச் சின்னஞ்சிறு மீன் எல்லாவற்றுக்கும் முந்திவிடும். விரற்கடை ஆழ நீரே அதற்குப் போதும். எங்கள் குளத்தில் நடந்த வரிசையைப் பெரியவர் சொல்லக் கேட்டேன். முதல் மாரியில் பொட்டு மீனும், மடுவிற் கிடந்த விராலும் பனையேறியும். இரண்டாம் மாரியிற் கெண்டை வகைகள். ஆரல் அதற்குப் பின். வாளை வந்ததா என்றேன். “ஒண்டு கண்டனான். பிறகு இல்லை” என்றார். விலாங்கு? தலையை அசைத்துவிட்டார்.

விலாங்கின் பிறப்பிடம் கடல். ஆழ்கடலிற் பிறந்து, நூல்போன்ற குஞ்சாக ஆற்றுமுகத்தை அடைந்து, ஆறு வழியாகவும் ஓடை வழியாகவும் உள்நாட்டுக் குளங்களுக்கு ஏறி, பல ஆண்டு வாழ்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே இறங்குவது அது. எங்கள் பகுதிக்கு ஒரு விலாங்கு வரவேண்டுமாயின் மேற்கே மன்னார்க் கரையிலிருந்து எத்தனை அணை, எத்தனை மதகு, எத்தனை வான் கடக்க வேண்டும்! அவற்றுள் ஒன்று செங்குத்துச் சுவராயின் பயணம் அங்கே முடிந்தது. குளம் திருந்தியதா என்பதை நெல் சொல்லும். வழி திருந்தியதா என்பதை விலாங்குதான் சொல்லும்.

கடல்கடந்த நாடுகளில் இச்செய்தி எவ்வாறு அறியப்பட்டது என்பதையும் இங்கே சொல்லலாம். இலண்டன் மாநகர் நடுவே ஓடும் தேம்ஸ் நதி கழிவுநீரால் மூச்சடைத்துப்போய், 1957இல் ஆய்ந்தபோது நகரை ஒட்டிய நெடுந்தூரத்தில் விலாங்கு தவிர வேறு மீனே இல்லையென்னும் நிலையில் இருந்தது. கழிவுநீர் சுத்திகரிக்கும் நிலையங்கள் திருத்தப்பட்டன; நீரிற் பிராணவாயு மீண்டது. மீன்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1974இல், ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு சல்மன் மீன் மின்நிலையம் ஒன்றின் நீர்வடிப்பலகையிற் கிடைத்தது. ஊரே கொண்டாடிற்று. சல்மன் பெருக வேண்டுமென்று பின்னர் ஆண்டுதோறும் குஞ்சுகள் கொண்டுவந்து விட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் தானாகப் பெருகும் குடி ஒன்று அங்கே உருவாகவில்லை. எக்செற்றர் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட மரபணு ஆய்வு ஒரு வேடிக்கையைச் சொல்லிற்று: அண்மையில் தேம்சுக்குள் ஏறிய சல்மன்கள் விடப்பட்ட குஞ்சுகளின் வழியினவல்ல; தென் இங்கிலாந்தின் அயல் ஆறுகளிலிருந்து தாமே வழிதவறி வந்தவை. அழைத்து வந்த விருந்தாளி தங்கவில்லை. அழையாதவர் கதவு திறந்திருக்கக் கண்டு உள்ளே வந்தார்.

இன்னோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓடும் கிளமத் ஆறு. அதன் குறுக்கே நின்ற நான்கு அணைகள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. வேலை முடிந்த அதே 2024 ஒக்ரோபரில், பழைய அணைகளுக்கு மேலே, ஒரிகன் மாநிலத்துக் கிளையாற்றிற் சல்மன் காணப்பட்டது. 1912இன் பின் அவ்வாற்றின் அப்பகுதிக்குக் கடலிலிருந்து வந்த முதல் மீன் அதுவே. அதன் பாட்டனுக்குப் பாட்டனும் அவ்வழியை அறியாதவன். வழி திறந்த சில வாரங்களுள் அது வந்து சேர்ந்தது.

அணையை அகற்றுக என்று வன்னியில் நின்று நான் சொல்லப் போவதில்லை. நாம் அணையால் வாழ்பவர். எங்கள் விராலும் அணையால் வாழ்வதே. குளமே அதற்கு ஆறு. மேல்குளத்து வான்நீர் கீழ்க்குளத்துக்கும், அதன் வான்நீர் அடுத்ததற்கும் செல்லத் தொடராகக் குளங்களை அமைத்த வறண்ட வலயத்து முறையை, உலகின் வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக 2017இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் ஏற்றிருக்கிறது. நீருக்காக அமைத்த தொடர் அது. மீனும் அதே தொடரைத் தன் வழியாக்கிக் கொண்டது. பழைய சிறுகுளங்களின் வான் பெரும்பாலும் கட்டின் ஓரத்தே பாறையாகவோ புற்றரையாகவோ சரிந்து இறங்கும். நீர் சுற்றிச் சுழன்று மெல்ல இறங்க, மீன் அதன் வழியே ஏறும்.

இப்போது நடப்பது என்ன? கனரக இயந்திரம் வருகிறது. ஒரு கோடையில் வேலை முடியவேண்டும் என்பது ஒப்பந்தம். குளத்தின் அடி மேசைபோற் சமமாக்கப்படுகிறது, மடு மூடப்படுகிறது. கட்டின் உட்புறத்து மருதும் பூவரசும் வேரோடு போகின்றன. கட்டின்மேல் நிற்கும் மரம் கட்டைப் பிளக்கும் என்பது நியாயமே. ஆனால் அலைகரையில், கட்டுக்கு எதிரே, நீர் விளிம்பில் நின்ற மரங்களும் சேர்ந்தே போவதற்கு நியாயம் என்ன? ஆலங்குடி வங்கனாரின் வாளைக்கு இனிக் கனி உதிர்ப்பது யார்? கடைசியில் வானில் நெஞ்சளவு செங்குத்தாகக் கொங்கிறீற்றுச் சுவர் எழுகிறது. நீர் அதன்மேல் அழகாக விழுகிறது. மீனும் விழும். ஏறாது.

பின்னர் திறப்பு விழா. பந்தல், மாலை, உரை. முடிவில் பொலித்தீன் பையிற் கொண்டுவந்த மீன்குஞ்சுகளைப் பெரியோர் குளத்தில் விடுவர், நிழற்படம் எடுக்கப்படும். இந்த மீன்குஞ்சுகளை நான் பழிக்கவில்லை. 1952இல் வந்த ஆபிரிக்கத் திலாப்பியா இல்லையேல் வன்னியில் எத்தனையோ வீடுகளிற் கறிச்சட்டி வெறுஞ்சட்டியாக இருந்திருக்கும். 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அரசு அளித்த ஆதரவு நிறுத்தப்பட்டு நான்காண்டு கழித்தே மீண்டது. அக்காலத்திலும் தானே பெருகி ஏழையின் உலையிலே வெந்த மீன் அது. நக்டா என்று சுருக்கமாக வழங்கும் நீரியல்வளர்ப்பு அதிகார சபை குளங்களில் விடும் கட்லா, ரோகு போன்றவையும் விலைபோவன. ஆனால் இவ்விந்தியக் கெண்டைகள் ஓடும் பேராற்றில் இனம் பெருக்குவன. நம் குளத்தில் வளருமேயன்றிப் பெருகா. ஆகவே ஆண்டுதோறும் பை வரவேண்டும். பை வராத ஆண்டில்? விரால் எவரிடமும் பை கேட்பதில்லை. அது கேட்பது ஒரு குழியும் ஒரு சரிவும்.

வழியைத் திறந்தால் வேண்டாதவையும் வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கென்று தென்னமெரிக்காவிலிருந்து வந்து, யாரோ கைவிட்டதால் இன்று இலங்கையின் நீர்த்தேக்கங்களிற் பரவியிருக்கும் உறிஞ்சுவாய்க் கெளிறு அத்தகையது. உண்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. தோலின் முள்ளால் வலையைக் கிழிப்பதே அதன் தொழில். திறந்த வழி அதற்கும் திறந்ததே, மறுக்கவில்லை. ஆயினும் அது நம் குளங்களுக்கு வான் வழியே ஏறி வந்ததில் தொடங்கவில்லை. மனிதர் கையால் வந்ததில் தொடங்கிற்று. செங்குத்துச் சுவர் நம் மீனை நிறுத்தும். வாளியோடு வருபவரை நிறுத்தாது. தொட்டிமீனைக் குளத்தில் விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அச்சுவரினும் மலிவு.

கேட்பது பெரிதன்று. குளத்தடியைச் சமன்செய்யும்போது மடுவை விட்டுவையுங்கள். தூர்ந்திருந்தால் சற்றே தோண்டுங்கள். வான்சுவரின் கீழ்ப்புறத்தே, ஒரு பக்கத்திலேனும், கருங்கல் அடுக்கிச் சரிவு வையுங்கள். வயலோரத்து ஓடையைக் கொங்கிறீற்றால் மூடும்முன் ஒருமுறை நினையுங்கள். குஞ்சுகளை விடுவதானால், முதல் இரண்டு மாரிக்குப் பொறுத்து, யார் யார் தாமாக வந்தனர் என்று பார்த்தபின் விடுங்கள். இவற்றுட் கடினமானது ஒன்றே. அது எங்களைச் சார்ந்தது. புதுவெள்ளம் வந்த முதற் கிழமையில், முட்டை நிறைந்த வயிற்றோடு எதிரேறும் மீனை வான்வாயிலேயே கரப்பால் மூடிப் பிடிப்பதும், ஓடையின் குறுக்கே தங்கூசி வலை கட்டுவதும் எங்கள் கை செய்வன. நானும் அந்த மீனை உண்டு வளர்ந்தவனே. சினை விராலின் சுவையை அறியாதவன் போல எழுத எனக்கு உரிமை இல்லை. ஊர் கூடி ஒரு கிழமைக்கு வலையைச் சுருட்டி வைக்குமானால், பங்குனி, சித்திரையில் அதே மீனைப் பன்மடங்காகப் பிடிக்கலாம் என்று பெரியவர் சொல்கிறார். அவர் மீன் விற்று வாழ்பவர். அவர் சொன்னது எனக்குப் போதும்.

எங்கள் குளத்துக்கு மேலேயுள்ள சிறுகுளம் அடுத்துத் திருத்தப்படவிருக்கிறது. அதன் கட்டு இன்னும் உடைந்த இடத்தில் உடைந்தபடி இருக்கிறது. நடுவில் மடுவும் இருக்கிறது. சென்ற ஆவணியில், சுற்றிலும் புல் கருகியிருந்தபோது, வினாக் கேட்ட மாணவனும் அவன் வகுப்பார் சிலரும் கோலும் கயிறும் கொண்டு அங்கே போய், நீர் நின்ற இடத்தை அளந்து வந்தனர். சேற்றிற் குமிழி எழுவதைக் கண்டதாகவும், அதற்குள் ஏதோ திரும்பியதாகவும் சொன்னார்கள். மடுவையும், பழைய வான் சரிந்த பக்கத்தையும், அலைகரையில் எஞ்சிய ஏழு மருதமரங்களையும் குறித்து ஒரு வரைபடம் ஆக்கியிருக்கின்றனர். எழுத்துப் பிழைகளை மட்டும் நான் திருத்தினேன்.

அவ்வரைபடத்தைக் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்திலே, திருத்த வருவோர் முன்னிலையில், பிள்ளைகளைக்கொண்டே விரித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன். பெரியவரும் வருவார், கூட்டம் பின்னேரத்தில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. காலையில் அவருக்கு வலை எடுக்கப் போகவேண்டும்.